பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டிக்கர் கோடுகளைப் புதுப்பிப்பது எப்படி? மட்டக்களப்பில் இருந்தபடி செய்ய ஒரு வழிகாட்டி

காரின் பக்கவாட்டுக் கோடு வெளிறி, எழுத்துகள் செதில் செதிலாக உதிர்ந்து நின்றால் முதலில் கை போவது அதை உரித்தெடுக்கத்தான். உரிக்காதீர்கள். உங்கள் காருக்கான அளவுப்படம் வேறெங்கும் இல்லை, அந்த உதிர்ந்த ஸ்டிக்கர்தான் அது. ஒட்டுகிற வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அளவெடுப்பதும், சரியான சாமானைத் தேடிப் பிடிப்பதும், பெயிண்ட் காயக் காத்திருப்பதும்தான் மாதக்கணக்கில் இழுக்கும். அந்த ஒழுங்கு தலைகீழானால் காசும் போகும், காரும் கெடும்.

என் மாமாவின் மினி 1275ஜிடி காரைக் மட்டக்களப்பு கல்லடியில் வைத்துத் திருத்தியபோது இதற்கென்று தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததெல்லாம் ஏசி போட்ட வேலைத்தளமும், வீட்டு வாசலுக்கு வரும் பார்சலும் உள்ளவர்களுக்காக எழுதியது. நம் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஸ்டிக்கர் கடைகளுக்கும் பொருந்துகிற மாதிரி இங்கே எழுதுகிறேன். மினி, போர்ட் எஸ்கோர்ட் மெக்சிகோ, ஆர்எஸ்2000, டொயோட்டா ஏஇ86 என்று கோடும் எழுத்தும் போட்டு வந்த எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

கம்பனி ஒட்டிய ஸ்டிக்கர் வெளிறியிருந்தாலும் ஓரம் தூக்காமல், எழுத்து வாசிக்கிற நிலையில் இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். அசல் ஸ்டிக்கரோடு இருக்கும் காருக்குத் தனி மதிப்பு உண்டு. ஒருமுறை உரித்தால் அது திரும்பி வராது. மென்மையான கார் ஷாம்பூவால் கழுவுங்கள். கட் பொலிஷ் மட்டும் அதன் மேல் போடாதீர்கள், அச்சடித்த மை கரைந்து துணியோடு வந்துவிடும்.

ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். புதிய நிறமும் முப்பது நாற்பது வருட வெயில் பட்ட நிறமும் ஒருநாளும் சேராது.

2. காரின் ஆண்டையும் வகையையும் உறுதிப்படுத்துங்கள்

"இந்த மொடலுக்கு இதுதான் கோடு" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். 1275ஜிடி 1969 முதல் 1980 வரை வந்தது. கதவின் கீழ்ப்பக்கத்தில் ஓடும் அதன் கோடும் எழுத்தும் அந்தக் காலம் முழுக்க ஒரே மாதிரி இருக்கவில்லை. அமெரிக்காவின் பொன்டியாக் டிரான்ஸ் ஆம் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 1973இல் பொனட்டில் பெரிய பறவை வந்தது. 1979இல் காரின் முன்பக்கம் மாறியபோது பறவையும் மாறியது. 1980, 81 டர்போ கார்களுக்கு இன்னொரு பறவை. மூன்றும் தூரத்தில் இருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பிழையான ஆண்டின் கிட்டை (வெட்டித் தயாராக விற்கும் ஸ்டிக்கர் செட்டை) வாங்கி ஒட்டியவர்கள் அந்த ஊரிலேயே நிறையப் பேர்.

இன்னொரு பொறி: ஸ்டிக்கர் என்று நீங்கள் நினைப்பது பெயிண்டாக இருக்கலாம். ஏஇ86இன் இரட்டை நிறத்தில் கீழ்ப்பாதிக் கறுப்பு பெயிண்ட், கதவில் உள்ள 'டுவின் கேம் 16' எழுத்து ஸ்டிக்கர். ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வினைல் (ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தாள்) என்றால் நகம் தட்டும் இடத்தில் ஓரம் கொஞ்சமாவது தூக்கும்.

இந்தக் கட்டத்தில் எடுத்து வைக்க வேண்டிய பத்திரங்கள்:

- காரின் பதிவுச் சான்றிதழ். அதில் உள்ள சசி இலக்கம், உற்பத்தி ஆண்டு, நிறம் மூன்றையும் காரோடு ஒப்பிடுங்கள். பல பழைய கார்கள் இன்னும் முன்னைய சொந்தக்காரரின் பேரிலேயே ஓடுகின்றன. பெயர் மாற்றாத காரில் காசு கொட்ட வேண்டாம், அதை முதலில் முடியுங்கள்.
- மினி போன்ற பிரித்தானிய கார் என்றால், இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. கட்டணம் உண்டு. உற்பத்தித் திகதி, அசல் நிறம் போன்றவை அதில் வரும். கோட்டின் வடிவம் வராது, ஆனால் எந்த ஆண்டுக் கோட்டைத் தேடுவது என்பது தெளிவாகிவிடும். பொன்டியாக் கார்களுக்கு இதே மாதிரி பொன்டியாக் ஹிஸ்டோரிக் சர்விசஸ் என்று ஒன்று இருக்கிறது.
- அந்த ஆண்டின் விற்பனைக் கையேட்டுப் படங்கள். இன்று ஓடும் கார்களின் படத்தை நம்பாதீர்கள், அவற்றில் பல ஏற்கெனவே பிழையாகத் திருத்தப்பட்டவை.

3. உரிக்க முன் அளவெடுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

தேவையானவை: பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடும் தெளிவான பொலித்தீன், டிரேசிங் பேப்பர், மெல்லிய நிரந்தர மார்க்கர், மாஸ்கிங் டேப், இரும்பு அடிமட்டம். தையல்காரரின் துணி நாடா வேண்டாம், அது இழுபடும்.

காரை நன்றாகக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் பொலித்தீன் தளர்ந்து அளவு மாறிவிடும். மட்காட், கதவு, பின்பக்கப் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டு எடுங்கள். கார் முழுவதற்கும் ஒரே பொலித்தீன் துண்டை ஒட்டினால் கதவு இடைவெளியில் எல்லாம் வழுகும்.

கோட்டைக் கீற முன்னர் அசையாத அடையாளங்களைக் கீறுங்கள்: கதவின் விளிம்பு, சக்கர வளைவு, உடலில் ஓடும் மடிப்பு, கைபிடித் துளை. இவை இல்லாவிட்டால் கோட்டின் வடிவம் மட்டும் கையில் இருக்கும், அது காரில் எங்கே இருந்தது என்பது போய்விடும். அப்புறம் ஒவ்வொரு துண்டிலும் இடமா வலமா, முன்பக்கம் எது, மேல் எது என்று எழுதுங்கள். மேசையில் விரித்த பிறகு இதெல்லாம் ஞாபகம் இருக்காது.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுங்கள். "ஒரு பக்கம் போதும், மற்றதைத் திருப்பிப் போடலாம்" என்று கடையில் சொல்வார்கள். டிங்கர் வேலை பார்த்த பழைய காரில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். புட்டி பூசிய கதவு சில மில்லிமீற்றர் வித்தியாசப்படும். அதைவிட, கோட்டைத் திருப்பலாம், எழுத்தைத் திருப்ப முடியாது. கோட்டோடு சேர்த்து எழுத்தையும் கண்ணாடி பிம்பமாக வெட்டிக் கொடுத்த கடை எனக்குத் தெரியும்.

உதிர்ந்து போன பகுதிக்கு இரண்டு வழி. இருட்டிய பிறகு டோர்ச் வெளிச்சத்தைப் பலகையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பெயிண்ட் வெயில் படாமல் நின்றதால் அதன் ஓரம் தெரியும். அதுவும் போதாவிட்டால் டிரேசிங் பேப்பரை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், மிஞ்சிய வினைலின் விளிம்பு கோடாக விழும்.

பிறகு போட்டோ. கிட்ட நின்று எடுத்தால் ஓரங்கள் வளையும். மூன்று நான்கு மீற்றர் தள்ளி நின்று, கமராவைக் கோட்டின் உயரத்துக்கு இறக்கி, சூம் செய்து எடுங்கள். படத்துக்குள் அடிமட்டம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நிறத்துக்கு வெயில் படாத மூலையைத் தேடுங்கள். கதவு இடுக்கில் மடிந்து உள்ளே போன ஓரம், பீடிங்கின் அடியில் மறைந்த துண்டு போன்ற இடங்களில் அசல் நிறம் தங்கியிருக்கும்.

அந்த மடிந்த ஓரத்தின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவு விளிம்பில் எத்தனை மில்லிமீற்றர் உள்ளே போகிறது என்பதை வைத்துத்தான் அசலா நகலா என்று விசயம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

4. பைல் உங்கள் கையில் இருக்க வேண்டும்

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, கல்முனைப் பக்கமும் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைகள் தாராளம். ஸ்டிக்கர் வெட்டும் பிளோட்டர் மெஷினும், கொரல் டிரோ என்ற வரையும் மென்பொருள் தெரிந்த பிள்ளையும் இருந்தால் போதும். வெட்டும் கைத்திறனில் இவர்கள் கொழும்புக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் வேகமாக முடித்துப் பழகியவர்கள். போனில் உள்ள படத்தைப் பெரிதாக்கி, மெஷினே ஓரத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். நேர்கோடு நெளியும், எழுத்தின் மூலை மழுங்கும். உங்கள் டிரேசிங்கை ஸ்கேன் செய்து, அதன்மேல் கோட்டைக் கையால் கீறச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள்.

வேலை தொடங்க முன்னரே மூன்று விடயத்தைப் பேசி முடியுங்கள்: வரைவதற்கு எவ்வளவு, வெட்டுவதற்கு எவ்வளவு, முடிந்ததும் வரைந்த கம்ப்யூட்டர் பைலைப் பென் டிரைவில் தருவார்களா. மூன்றாவதை முதலே கேட்காவிட்டால் பிறகு தனி விலை வரும்.

வினைலில் வெட்ட முன் சாதாரணத் தாளில் அச்சடித்து, கத்தரித்து, காரில் டேப்பால் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தாளுக்குப் போகிற காசு வினைலோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

5. எந்த வினைல்?

கடையில் "எல்லாம் ஒண்டுதான் அண்ணன், இது நல்ல சாமான்" என்பார்கள். ஒன்றல்ல. வினைலில் இரண்டு சாதி: காலண்டர்ட், காஸ்ட். முதலாவது உருளைகளுக்கு இடையில் இழுத்துத் தட்டையாக்கிச் செய்வது. இழுபட்ட சாமான் சூட்டில் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் கொஞ்சக் காலத்தில் சுருங்கி, ஓரத்தைச் சுற்றிப் பசை ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும், தூசு அதில் ஏறும். காஸ்ட் திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது. ஏறக்குறைய 50 மைக்ரோன் தடிப்பு, சுருங்காது, வளைவில் படியும்.

பெயர் சொல்லியே கேளுங்கள். ஒராகல் என்ற பிராண்டில் 651 காலண்டர்ட். 751உம் 951உம் காஸ்ட். ஓட்டோக் கடைகளில் பெரும்பாலும் 651 வகையோ, பெயரில்லாத மலிவுச் சாமானோதான் இருக்கும். தட்டையான கதவில் சின்ன எழுத்துக்கு 651 போதும். நீளமான கோட்டுக்கும் மடிப்புக்கும் காஸ்ட்தான். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில வேளை அதற்கும் மேல். ரோலின் அடித்தாளின் பின்புறத்தில் அச்சடித்துள்ள பெயரைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

காஸ்ட் இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். சுருட்டித்தான் அனுப்ப வேண்டும், மடித்தால் அந்த மடிப்பு ஒருநாளும் போகாது. விலை சதுர அடியில் சொன்னாலும் பல இடங்களில் ரோலின் முழு அகலத்துக்கும் கணக்குப் போடுவார்கள். 24 அங்குல ரோலில் உங்கள் கோடு 4 அங்குலம் என்றால் மிச்சம் 20 அங்குலமும் உங்கள் காசு. அதனால் ஒரே தடவையில் இரண்டு செட் வெட்டி எடுங்கள். ஒட்டும்போது ஒரு துண்டு கெட்டால் அந்த மிச்சம்தான் காப்பாற்றும்.

நிறம் மங்கி மறைகிற கோடு, புள்ளி புள்ளியாகக் கரையும் கோடு என்றால் வெட்டினால் வராது, அச்சடிக்க வேண்டும். அச்சடித்த உடனே மேலே லமினேட் (தெளிவான பாதுகாப்புத் தாள்) போட விடாதீர்கள். சோல்வன்ட் மை ஒரு நாள், இரண்டு நாள் திறந்து கிடந்து மணம் போக வேண்டும். அவசரத்தில் மூடினால் பசை இளகி, கோடு ஓரத்தில் சுருளும்.

6. வெளிநாட்டில் கிட் வாங்குவதென்றால்

பெயர் பெற்ற கார்களுக்கு வெட்டித் தயாரான கிட்டுகள் விற்கிறார்கள். டிரான்ஸ் ஆம் போன்றவற்றின் முழுக் கிட் சில நூறு டொலர் வரும். மினி, எஸ்கோர்ட் கோடுகள் அதைவிட மலிவு. ஆனால் விலையோடு நிற்காது: அனுப்புசெலவு, சுங்கத் தீர்வை, அதன்மேல் 18 சதவீத வற் வரி, கூரியர் கம்பனியின் கையாள்கைக் கட்டணம் எல்லாம் சேரும். வற் வரியைக் கணக்கிடும்போது அனுப்புசெலவையும் தீர்வையையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். கிட் விலையைப் பார்த்து மட்டும் பட்ஜெட் போடாதீர்கள்.

சுங்கத்தில் பொருளின் வகைப்படி வரி மாறும். சுய ஒட்டுப் பிளாஸ்டிக் தாள் எச்.எஸ். (சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எண்) தலைப்பு 3919இல் வரும், இடமாற்றிப் படங்கள் 4908இல். விற்பவரிடம் இன்வொய்ஸில் "கார் உதிரிப்பாகம்" என்று பொதுவாக எழுதாமல், இன்ன பொருளால் ஆன ஸ்டிக்கர் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உதிரிப்பாகம் என்று எழுதிய பார்சல் கேள்விக்குள் மாட்டும். இன்வொய்ஸ், காசு கட்டிய அத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் போனில் தயாராக வைத்திருங்கள், கேட்ட அன்றே அனுப்பலாம். பார்சல் கொழும்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் வேலை தள்ளிப்போகும்.

கிட் வந்ததும் உங்கள் டிரேசிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். அளவெடுத்து வைத்தவருக்குத்தான் அது சரியா பிழையா என்று தெரியும்.

7. பழையதை எடுப்பது

இப்போது உரிக்கலாம். ஹீட் கன் இல்லாவிட்டால் பரவாயில்லை, மட்டக்களப்பு வெயில் இலவசம். மத்தியானம் ஒரு மணித்தியாலம் காரை வெயிலில் விட்டு, சூடு இருக்கும்போதே பிளாஸ்டிக் பிளேட்டால் ஒரு மூலையைத் தூக்கி, மேலே இழுக்காமல் பலகையோடு ஒட்டினாற்போலப் பின்னோக்கி இழுங்கள். பழைய வினைல் நொறுங்கும், பொறுமைதான் மருந்து. இரும்பு பிளேட் வேண்டாம்.

மிஞ்சிய பசைக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சில நிமிடம் போர்த்தி, துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் கிட்டவே வரக்கூடாது. பழைய கார்களில் பல தின்னரில் கரையும் என்.சி. பெயிண்ட், தின்னர் பட்டால் ஸ்டிக்கரோடு பெயிண்டும் வழிந்துவிடும். டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் வேலையைச் சுருக்கும், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயிண்ட் எரியும்.

8. பெயிண்டும் காத்திருப்பும்

காருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் கால அட்டவணை முழுவதும் இதைச் சுற்றித்தான். "பெயிண்ட் காஞ்சிட்டு தம்பி, நாளைக்கே ஒட்டலாம்" என்று பெயிண்ட் அடிக்கும் பாஸ் சொல்வார். கைக்கு ஒட்டாது என்பதுதான் அதன் அர்த்தம். உள்ளே தின்னர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மேலே வினைலை மூடினால் அது குமிழாக எழும்பும். அடுப்பில் சூடாக்காத டூகே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயிண்டுக்கு மூன்று நான்கு வாரமாவது விடுங்கள். மாரியில் அதைவிடக் கூட. சந்தேகம் என்றால் மிச்ச வினைலில் ஒரு சின்னத் துண்டை மறைவான இடத்தில் ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். குமிழ் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஸ்டிக்கருக்கு மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல் பூச்சு) அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓரம் தெரியாமல் வழுவழுப்பாக வரும், உண்மைதான். எனக்கு விருப்பமில்லை. கம்பனி அப்படி அடித்த காராக இருந்தால் ஒழிய அது அசல் இல்லை. ஒரு எழுத்து கெட்டாலும் பலகை முழுவதையும் திரும்பப் பெயிண்ட் அடிக்க வேண்டிவரும்.

காரின் அடிப்படை நிறத்தை மாற்றுவதென்றால் பெயிண்ட் அடிக்க முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் வெள்ளை, ரோட்டில் சிவப்பு என்றால் செக்பொயின்டில் பதில் சொல்வது நீங்கள்தான்.

9. ஒட்டும் நாள்

மாசி, பங்குனி காலை நேரம் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசும் சூடும் சேர்ந்து வேலையைக் கெடுக்கும். மாரியில் ஈரம். வினைலுக்கு ஏற்றது 15 முதல் 30 பாகை செல்சியஸ் வரை. அதுவும் பலகையின் சூடுதான் கணக்கு, காற்றின் சூடு அல்ல. காலை ஒன்பதுக்குள் முடிக்கிற மாதிரித் தொடங்குங்கள். மூடிய கராஜ் நல்லது. கடலோரத்தில் என்றால் முதல்நாள் கழுவியது போதாது, இரவோடு உப்புப் படிந்திருக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் ஐசோபுரோபைல் அல்ககோலால் துடையுங்கள்.

ஆள் இரண்டு பேர் வேண்டும். முதலில் கோட்டைத் தாளோடு சேர்த்து மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, டிரேசிங்கில் குறித்த அடையாளங்களோடு ஒப்பிடுங்கள். தரையில் இருந்து அளக்காதீர்கள், ஸ்பிரிங் இறங்கிய காரில் தரை பொய் சொல்லும். உடல் மடிப்புத்தான் ஆதாரம். நடுவில் ஒரு டேப்பைக் குறுக்கே போட்டுக் கீல் போலாக்கி, ஒரு பாதியின் அடித்தாளை உரித்து, நடுவில் இருந்து வெளியே ஸ்குவீஜியால் (தட்டையான தேய்ப்பான்) தேயுங்கள். பிறகு மறுபாதி.

தண்ணீர் தெளித்து ஒட்டலாமா? சாதாரணப் பசை என்றால் ஒட்டலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சில துளி பேபி ஷாம்பூ. இடம் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் காற்று வெளியேறும் நுண்ணிய வாய்க்கால் உள்ள வினைலுக்குத் தண்ணீர் ஆகாது. அடித்தாளை உரித்துப் பாருங்கள், பசையில் வலை மாதிரிக் கோடு தெரிந்தால் உலர்வாகவே ஒட்டுங்கள்.

கதவு இடைவெளியில் கோட்டை ஒரேயடியாக ஒட்டி, பிறகு வெட்டி, அளந்து வைத்த நீளத்துக்கு உள்ளே மடியுங்கள். மடித்த இடத்தையும் பள்ளத்தையும் ஹீட் கன்னால் நன்றாகச் சூடாக்கி விரலால் அழுத்துங்கள். 90 பாகைக்கு மேல் சூடு ஏறினால்தான் வினைல் பழைய வடிவத்தை மறக்கும். தலைமயிர் காயவைக்கும் டிரையர் இதற்குக் காணாது. சின்னக் குமிழ் மிஞ்சினால் மெல்லிய ஊசியால் ஓரத்தில் குத்தி அழுத்துங்கள். பிளேட்டால் கீறாதீர்கள்.

10. முடிந்த பிறகு

இரண்டு மூன்று நாள் கழுவ வேண்டாம், பசை முழுப் பிடிப்புக்கு வர நேரம் எடுக்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் விடும்போது பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேரே அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓர் அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். மரத்தடியிலும் நிறுத்தாதீர்கள், பறவை எச்சம் காயவிட்டால் வினைலில் கறை நிற்கும்.

இன்சூரன்ஸ் கம்பனிக்கு முன்பும் பின்பும் எடுத்த போட்டோவும் பில்களும் கொடுத்து, காரின் மதிப்பைத் திரும்பக் கணிக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் கடை பில் தருவதில்லை என்றால் வினைலின் பெயரும் தொகையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நாளைக்கு யாராவது இடித்தால் கோட்டுக்கும் சேர்த்து நட்டஈடு கேட்க அது வேண்டும், இல்லாவிட்டால் கதவுப் பெயிண்டோடு கணக்கு முடிந்துவிடும்.

மிஞ்சிய செட்டைத் தடித்த அட்டைக் குழாயில், வினைல் வெளிப்பக்கம் பார்க்கச் சுருட்டி, வீட்டுக்குள் வையுங்கள். உட்பக்கமாகச் சுருட்டினால் அடித்தாளில் இருந்து கழன்று சுரங்கம் சுரங்கமாக எழும்பும். தகரக் கூரைக் கராஜில் வைத்தால் சூட்டில் பசை போய்விடும். குழாயின் மேல் காரின் இலக்கம், வினைலின் பெயர், வெட்டிய திகதி மூன்றையும் எழுதி, பென் டிரைவையும் அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள்.